எமுலேட்டரில் சொந்த இயங்குதளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்
எமுலேட்டரின் (ஒரு கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருள்) திரை ஒரு நொடி மினுக்கும், பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும் நிரல்) எழுத்துகள் வரும், மறுபடி மினுக்கும். சொந்தமாக இயங்குதளம் எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த மறுதொடக்கச் சுற்றலைப் பார்த்திருப்பார்கள். பார்த்தவுடன் நிரலைத் திறந்து கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றுவதுதான் முதல் தவறு.

ஒரு பிழையைக் கையாளப் போன இடத்தில் இன்னொரு பிழை, அதையும் கையாள முடியாமல் மூன்றாவது என்று அடுக்கினால் பிராசசர் ரீசெட் ஆகிவிடும். இதுதான் ட்ரிபிள் ஃபால்ட்; அந்தச் சுற்றலுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். கியூஎமு எமுலேட்டரை ‘-நோ-ரீபூட்’, ‘-நோ-ஷட்டவுன்’, ‘-டி இன்ட்’ ஆகிய தெரிவுகளோடு ஓட்டுங்கள். சுற்றாமல் அங்கேயே நிற்கும்; நடந்தவற்றை வரிசையாக எழுதியும் காட்டும். பலர் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுத் தலையைச் சொறிகிறார்கள். அங்கே இருப்பது எண் 8, டபுள் ஃபால்ட். அது விளைவு மட்டுமே. காரணம் அதற்கு மேலே இருக்கும். அங்கே 14 என்றிருந்தால் (பதினறும முறையில் 0ஈ என்று அச்சாகும்) அது பேஜ் ஃபால்ட், அதாவது தொடக் கூடாத நினைவக முகவரியைத் தொட்ட பிழை. எந்த முகவரியைத் தொடப் போய் மாட்டியது என்பதை பிராசசருக்குள் இருக்கும் சிஆர்2 ரெஜிஸ்டர் (சிறு சேமிப்பிடம்) சொல்லிவிடும். பூஜ்ஜியத்தை ஒட்டிய முகவரி என்றால் வெற்றுப் பாயின்டர்மீது (எந்த இடத்தையும் சுட்டாத முகவரி மாறி) சந்தேகப்படலாம். கேவிஎம் முடுக்கத்தை (நிரலை நிஜப் பிராசசரிலேயே நேராக ஓட்டும் வசதி) மட்டும் அணைத்து வையுங்கள். அது இருந்தால் இந்த வரிகள் வராது.

அடுத்ததைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன். ஒரு மாலை முழுவதும் ஒரே பிழையைத் திருத்திக்கொண்டிருந்தேன். நான் திருத்திய கெர்னல் (இயங்குதளத்தின் மைய நிரல்) வேறு, எமுலேட்டர் ஏற்றிய வட்டுக் கோப்பு வேறு! இப்போது என் கெர்னல் எழுந்ததும், தான் கம்பைல் ஆன நேரத்தைத்தான் சீரியல் போர்ட்டில் முதலில் எழுதுகிறது.

எமுலேட்டரின் தாராள மனத்தை நம்புவது இன்னொரு தவறு. கியூஎமுவில் நினைவகம் பெரும்பாலும் பூஜ்ஜியமாகவே கிடைக்கும். அதனால் பிஎஸ்எஸ் பகுதியை (தொடக்க மதிப்பு தராத மாறிகள் இருக்கும் இடம்) பூஜ்ஜியமாகத் துடைக்க மறந்தாலும் எல்லாம் ஓடும். நிஜக் கணினியில் குப்பை மதிப்புகள் காத்திருக்கும். வட்டிலிருந்து முதலில் ஏற்றப்படும் 512 பைட் பூட் செக்டரிலும் இதே கதைதான். தரவுப் பகுதியைச் சுட்டும் டிஎஸ் ரெஜிஸ்டர் பூஜ்ஜியமாக இருக்கும் என்று எண்ணாமல் நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள். பூட் ஆன வட்டின் எண்ணை பயாஸ் டிஎல் ரெஜிஸ்டரில் தருகிறது. அதை எடுத்துவைக்காமல் 128 (முதல் ஹார்ட் டிஸ்க்கின் எண்) என்று நேராக எழுதிவிட்டால் ஃபிளாப்பியாகப் பூட் செய்யும்போது தவறான வட்டைப் படிப்பீர்கள்.

64 பிட் கெர்னல் என்றால் கம்பைலருக்கு ‘-எம்நோ-ரெட்-சோன்’ கொடுக்க மறக்காதீர்கள். மறந்தால், டைமர் இன்டரப்டை (சீரான இடைவெளியில் ஓடும் நிரலை இடைமறிக்கும் சமிக்ஞை) இயக்கும் நாள்வரை எதுவும் தெரியாது. அதன்பின் ஸ்டாக் முனைக்குக் கீழுள்ள 128 பைட்டில் (இதுதான் ரெட் சோன்) கம்பைலர் வைத்திருந்த மாறிகள்மீது இன்டரப்ட் எழுதிவிடுவதால், அவை நினைத்த நேரத்தில் மாறத் தொடங்கும்.