புதுமுறையில் நொதித்த காப்பியை ஆறவிட்டுச் சுவைப்பதும் அடக்கி வடிப்பதும்

காற்றுப் புகாத கலனில் அடைத்து நொதிக்க வைத்த காப்பிக்கொட்டை, முதல் மிடறிலேயே ஸ்ட்ராபெர்ரி, அன்னாசி, இலவங்கப்பட்டை, சில வேளைகளில் ரம் எனப் பல வாசனைகளை ஒன்றாகக் கொண்டுவந்து கொட்டிவிடும். அந்த மிடறிலேயே மயங்கிப் போகிறவர்களும் உண்டு. முகம் சுளித்துக் குவளையைத் தள்ளி வைக்கிறவர்களும் உண்டு. இரு சாராருமே அவசரப்படுகிறார்கள் என்பது என் கருத்து. இவ்வகைக் காப்பியின் தரம் அது ஆறும்போதுதான் வெளிப்படும். வடிக்கும்போதும், ஏற்கெனவே மிகுந்திருக்கும் வாசனையைக் கூட்டப் பார்க்காமல் சற்று அடக்கி வாங்குவதே நல்லது.

பழத்தின் தோலை உரித்ததும் கொட்டையைச் சுற்றிச் சர்க்கரை நிறைந்த வழுவழுப்பான பசை ஒன்று ஒட்டியிருக்கும். அதைத் தளர்த்திக் கழுவி எடுப்பதற்காகத் தொட்டியில் நொதிக்க விடுவது நெடுங்கால வழக்கம். புதிய முறைகளில் நொதித்தலே சுவையை உண்டாக்கும் வேலையை ஏற்கிறது. மூடிய கலனுக்குள் உண்டாகும் கரியமில வாயு, ஒருவழி வால்வின் வழியே ஆக்சிஜனை வெளியேற்றிவிட, ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் அந்தச் சர்க்கரையை அமிலங்களாகவும், பழ மணம் தரும் எஸ்டர்கள் என்ற சேர்மங்களாகவும் மாற்றுகின்றன. 2015இல் சியாட்டில் நகரில், காப்பி தயாரிக்கும் கலைஞர்களுக்காக நடந்த உலக பாரிஸ்டா போட்டியில் ஆஸ்திரேலியாவின் சாஷா ஷெஸ்டிச், கரியமில வாயு நிரப்பிய மூடிய கலனில் நொதிக்க வைக்கும் கார்பானிக் மேசரேஷன் முறையில் பதப்படுத்திய கொலம்பியாவின் சூடான் ரூமே ரகக் காப்பியைக் கொண்டு பட்டம் வென்றார். பிரான்சின் போஜொலே ஒயின் தயாரிப்பிலிருந்து எடுத்துக்கொண்ட முறை அது. அதன்பின் இத்தகைய சோதனைகள் பல நாடுகளுக்கும் வேகமாகப் பரவின.

பொட்டலத்தில் 'அனரோபிக்' என்று இருந்தால் காற்றில்லாமல் நொதித்தது என்று பொருள். 'கோ-ஃபெர்மென்ட்' என்றால் கலனுக்குள் வேறு பழமோ மசாலாப் பொருளோ சேர்க்கப்பட்டிருக்கிறது. இந்த வேறுபாட்டை விற்பவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கொட்டையிலிருந்தே பிறந்த மணமும் வெளியிலிருந்து வந்த மணமும் குடிப்பவருக்கு ஒன்றல்ல. வறுத்த தேதியையும் பாருங்கள். இளவறுவலாக இருந்தால் மூன்று வாரமாவது பொறுத்திருந்து திறப்பது நல்லது. அதற்கு முன் மணம் கரடுமுரடாக நெடியடிக்கும்.

வடிப்பதற்கு முன், கப்பிங் முறையில், அதாவது கிண்ணத்திலுள்ள தூளில் நேரே வெந்நீர் ஊற்றி, வடிகட்டாமல் கரண்டியால் எடுத்து, ஒருமுறை சுவைத்துவிடுங்கள். நீங்கள் வடிக்கும் விதத்தால் வரும் குறைகள் அதில் கலப்பதில்லை. ஒரே அளவுள்ள இரண்டு கிண்ணங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றில் புதுமுறைக் காப்பியையும் மற்றொன்றில் வழக்கமாகக் கழுவிப் பதப்படுத்திய காப்பியையும் போடுங்கள். ஒப்பிட ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால் நாக்கு தன் அளவுகோலை இழந்துவிடும். 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் தூள், 93 டிகிரி வெந்நீர், நான்கு நிமிடம். அதற்குள் தூள் மேலே ஓடுபோல் திரண்டிருக்கும். மூக்கைக் கிண்ணத்தின் விளிம்புவரை கொண்டுபோய், கரண்டியின் பின்புறத்தால் அந்த ஓட்டை மூன்று முறை மெதுவாகத் தள்ளுங்கள். ஓடு பிளக்கும் அந்த ஒரு நொடியில் எழும் ஆவியில்தான் காப்பியின் முழு மணமும் இருக்கிறது. கனிந்த பழமா, அழுகத் தொடங்கிய பழமா என்ற முதல் குறிப்பு அங்கேயே கிடைத்துவிடும். பிறகு நுரையை வழித்தெடுத்துவிட்டு, பத்தாவது நிமிடம் வரை தொடாதீர்கள்.

மூன்று முறை சுவையுங்கள்: பத்தாவது நிமிடத்தில், இருபதாவது நிமிடத்தில், கிண்ணம் அறை வெப்பநிலைக்கு வந்தபின் இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் கரண்டியிலிருந்து காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சுங்கள். திரவம் துளிகளாகச் சிதறி அண்ணத்தின் பின்புறம் எட்டினால்தான் மணம் மூக்கிற்கு ஏறும். சூட்டில் நொதி மணம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருக்கும். ஆற ஆற, நன்றாகப் பதப்படுத்திய காப்பியில் அந்த ஆரவாரம் தணிந்து, பெயர் சொல்லத்தக்க ஓரிரு பழங்களும் தெளிவான இனிப்பும் நிற்கும். குறையுள்ள காப்பியோ ஆறும்போதுதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அசிட்டிக் அமிலம் மிகுந்திருந்தால் வினிகரின் காரப் புளிப்பு தொண்டையைப் பிடிக்கும். எத்தில் அசிடேட் என்ற எஸ்டர் அளவோடு இருக்கையில் பழ மணம் தரும். மிஞ்சினால் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடியாகிவிடும். அழுகிய வெங்காயத்தை நினைவூட்டும் வாடையோ, விழுங்கியபின் நாக்கில் வறண்ட பிசுபிசுப்போ இருந்தால், அதை 'விசித்திரச் சுவை' என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். அது நொதித்தல் கைமீறிப் போனதன் அடையாளம்.

நான் கடைசியாகக் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: இந்த மணங்களுக்குப் பின்னால் காப்பி இன்னும் இருக்கிறதா? நான் குடித்த சிலவற்றில் பழமிட்டாயின் மணம் மட்டுமே மிஞ்சியது; விளைந்த நிலமும் ரகமும் அடியோடு மறைந்திருந்தன. அவற்றை நான் மீண்டும் வாங்குவதில்லை.

இனி வடிப்பது. இத்தகைய கொட்டைகள் தம் சாரத்தை எளிதில் விட்டுவிடுவதாகவே என் அனுபவம். வழக்கமான இளவறுவலுக்குப் பயன்படுத்தும் கொதிக்கும் நீரையும் நுண்ணிய அரைப்பையும் இங்கே கொண்டுவந்தால் மதுவின் நெடியும் கசப்பும் முந்திக்கொள்ளும். கூம்பு வடிகட்டிக்கு 15 கிராம் தூளும் 250 கிராம் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். அரைப்பு வழக்கத்தைவிடச் சற்றுக் கரகரப்பாக இருக்கட்டும். நீர் 88 முதல் 91 டிகிரிக்குள் இருக்கட்டும். வடிதாளை வெந்நீரால் நனைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு, தூளைப் பரப்பி, முதலில் 45 கிராம் நீர் ஊற்றி 40 நொடி பொறுங்கள். அடுத்து 150 கிராம் வரை, பிறகு 250 கிராம் வரை, கெட்டிலின் மூக்கைத் தாழ்வாகப் பிடித்து மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். தூளைக் கிளறவோ வடிகட்டியைச் சுழற்றவோ வேண்டாம். இரண்டரை முதல் மூன்று நிமிடத்தில் வடிந்துவிட வேண்டும்.

நெடி அதிகமாகத் தோன்றினால் வெப்பத்தை இரண்டு டிகிரி குறையுங்கள். நீர்த்துப்போய்ப் புளித்தால், அரைப்பைத் தொடுவதற்கு முன் வெப்பத்தை இரண்டு டிகிரி கூட்டிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும். உப்புச்சத்து மிகுந்த தண்ணீர் பழப்புளிப்பை மழுக்கிவிடும் என்பதால் மென்மையான நீரே ஏற்றது. பாலும் சர்க்கரையும் முதல் குவளைக்கு வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் கடைசி மூன்றில் ஒரு பங்கைக் குவளையிலேயே விட்டுவைத்து, ஆறியபின் பருகி, கண்டதை ஒரு வரியில் எழுதிவையுங்கள். அடுத்த முறை வெப்பத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அந்த வரியே சொல்லிவிடும்.

அரைத்து முடித்ததும் கிரைண்டரைத் துலக்க மறந்துவிடாதீர்கள். குறிப்பாகக் கோ-ஃபெர்மென்ட் கொட்டையின் மணம் தகடுகளில் தங்கி, மறுநாள் அரைக்கும் சாதாரணக் காப்பியிலும் ஏறும். தூரிகையால் துடைத்துவிட்டு, ஐந்து கிராம் பழைய கொட்டையை அரைத்துக் கொட்டிவிட்டால் போதும். மீதமுள்ள கொட்டையை ஒருவேளைக்கான அளவுகளாகப் பிரித்து, காற்றுப் புகாத சிறு குப்பிகளில் உறைநிலைப் பெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் மணம் குன்றாது. வெளியே எடுத்ததும் உருக விடாமல் அப்படியே அரைத்துவிடலாம்.