ஒரு போர்டு, ரெண்டு டீச்சர், ஒரு கட்டு சீமாத்துக் குச்சி

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. கோபிப் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாயும் ஊர். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், வகுப்போ ஐந்து. தலைமையாசிரியர் சாரிடம் ஒன்றும் இரண்டும், என்னிடம் மற்ற மூன்றும். இதில் இரண்டு பேரும் ஒரே வகுப்பில் சேர்ந்து பாடம் நடத்த முடியுமா என்றால், முடியும். வாரம் இரண்டு நாள், நாற்பது நிமிடம் போதும்.

முதலில் சின்னப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்துவிட வேண்டும். சீமாத்துக் குச்சியை, அதாவது விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்து, பத்துப் பத்தாக எண்ணி, ரப்பர் பேண்டு போடச் சொல்லுங்கள். வராந்தாவில் அவர்கள் கட்டுகிற கட்டுதான் உள்ளே மூன்றாம் வகுப்புக்குப் பாடப் பொருள். கதவைத் திறந்தே வைத்தால் இரண்டு பக்கமும் கண்ணில் படும்.

அப்புறம் பங்கு பிரித்தல். ஒருவர் போர்டில், இன்னொருவர் பிள்ளைகளோடு பாயில். பாயில் உட்காருகிறவர் வாய் திறக்கக் கூடாது, இதுதான் கஷ்டம். பிள்ளை தப்பாகப் போடும்போது நம் கை தானாக நீளும். நீட்டாதீர்கள். "எப்புடிக் கண்ணு போட்டே?" என்று மட்டும் கேட்டு, அது சொல்வதை அப்படியே நோட்டில் எழுதுங்கள். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னேன். ஏழெட்டுப் பேர் 35 என்றார்கள். கவனக்குறைவு என்றுதான் நான் திட்டியிருப்பேன். சாரின் நோட்டில் இருந்தது வேறு: "ரெண்டுல ஏழு போகாதுங்க சார், அதனால ஏழுல ரெண்டக் கழிச்சேனுங்க." பிள்ளை ஒரு விதி வைத்திருக்கிறது, அதை ஒழுங்காகவும் பின்பற்றுகிறது. திட்டினால் அது மாறுமா?

கடைசி ஐந்து நிமிடம் துண்டுச் சீட்டு. பழைய நோட்டுத் தாளை நான்காகக் கிழித்தால் ஆயிற்று. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் அத்தனை பேரும் "புரிஞ்சுதுங்க" என்றுதான் எழுதுவார்கள். ஒரு கணக்கு கொடுங்கள், கூடவே, "இன்னைக்கு வராதவனுக்கு இதை எப்படிச் சொல்லித் தருவே?" என்று கேளுங்கள். எழுத வராத பிள்ளை படம் போடட்டும், வாயால் சொல்லட்டும்.

ஒரு சீட்டில் வந்த கேள்வி: "கடன் வாங்குறமே, எப்ப டீச்சர் திருப்பித் தருவோம்?" நானும் பல வருடமாக "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்றுதான் சொல்லி வந்தேன். யாரும் திருப்பித் தருவதே இல்லை! அடுத்த வகுப்பில் ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் வைத்தோம். ஒரு கட்டைப் பிரித்தால் நாலு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழு உதிரியை எடு, இரண்டு கட்டை எடு, மீதி 25. "சந்தையில பத்து ரூபாய சில்லறை மாத்துற மாதிரிங்களா?" என்றான் ஒருவன். அதேதான். பாடநூல் இதை இனமாற்றம் என்கிறது. எங்கள் வகுப்பில் "கட்டைப் பிரி". 302இலிருந்து 148 என்று நடுவில் சைபர் வந்தால் நூறு குச்சி உள்ள பெரிய கட்டு ஒன்றைப் பத்துக் கட்டாகப் பிரித்துவிட்டு, அதில் ஒன்றை உதிரியாக்க வேண்டும். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் சீட்டுகளை மூன்று அடுக்காக வையுங்கள்: வந்தது, பாதி வந்தது, வரவில்லை. அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்காரவைக்கப் பழகிவிட்டோம். இந்த அடுக்கை அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மலர்ப் பிள்ளையும் சில நாள் மூன்றாம் அடுக்கில் வரும். சீட்டில் மதிப்பெண் வேண்டாம், ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுங்கள்: "இங்கே எத்தனை கட்டைப் பிரித்தாய்?" மறுநாள் ஆரம்பத்திலேயே, "நீங்க கேட்டதால்தான் இன்னைக்குக் குச்சி" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அடுத்த சீட்டில் மறுபடி "புரிஞ்சுதுங்க" வந்துவிடும்.

சார் பயிற்சிக்குப் போன நாளில் ஐந்தாம் வகுப்பு அம்மிணி ஒருத்தியைப் பாயில் உட்காரவைத்து நோட்டைக் கொடுத்தேன். ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: "டீச்சர் போர்டை மறைச்சுட்டே நின்னாங்க." இப்போது எழுதி முடித்ததும் ஜன்னல் பக்கம் ஒதுங்கிக்கொள்கிறேன்.