முதலில் டெகாய், அப்புறம் சோக்

வாத்து வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த சோக் வாங்கட்டும்?" என்பதுதான். சோக் என்பது துப்பாக்கிக் குழலின் நுனியில் மாட்டுவது; தோட்டாவிலிருந்து பறக்கும் ரவை, அதாவது சிறு குண்டுகள், எவ்வளவு விரியும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். "வாத்து எத்தனை கஜத்தில் இறங்கும்?" என்று திருப்பிக் கேட்பேன். முழிப்பார்கள். அந்தத் தூரத்தை முடிவு செய்வது நீங்கள் தண்ணீரில் வைக்கும் பொம்மை வாத்துகள், அதாவது டெகாய்கள். அவற்றை எங்கே வைப்பது என்று தெரிந்துவிட்டால் சோக் தானாகவே முடிவாகிவிடும். கடையில் சோக்குக்கு எழுபது எண்பது டாலர் கொடுப்பவர்கள், பொம்மைகளை மட்டும் இருட்டில் கைக்கு வந்தபடி வீசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நான் வேட்டையாடுவது கலிஃபோர்னியாவின் சேக்ரமென்டோ பள்ளத்தாக்கில். வில்லோஸ், கோலூசா, கிரிட்லி என்று எந்தப் பக்கம் போனாலும் நெல் வயல்கள். 1991-ல் வந்த சட்டம் நெல் தாள் எரிப்பதைப் படிப்படியாகக் குறைத்த பிறகு, அறுவடை முடிந்ததும் வயலில் தண்ணீர் கட்டித் தாளை மக்க விடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அந்தத் தண்ணீரையும் பக்கத்திலுள்ள சரணாலயக் குளங்களையும் நம்பி அலாஸ்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வாத்துகள் இறங்குகின்றன. நம் ஊருக்குக் குளிர்காலத்தில் வரும் ஊசிவால் வாத்துதான் இங்கே பின்டெயில். ஆனால் இந்தியாவில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைச் சுடுவது குற்றம். ஆகவே இதையெல்லாம் ஊருக்குப் போய் முயன்று பார்க்க நினைக்காதீர்கள்.

சரி, டெகாய். நான் போவது வேட்டைக்கு அனுமதி உள்ள பொதுச் சரணாலயங்களுக்கு. கார் நிறுத்துமிடத்திலிருந்து கரையோரமாகக் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். அதனால் பதினெட்டு பொம்மைகளுக்கு மேல் எடுப்பதில்லை: மல்லார்ட் எட்டு, பின்டெயில் ஆண் நான்கு, விஜன் நான்கு, கிளுவை இரண்டு. எல்லாம் வாத்து இனங்கள்தான். ஐம்பது அறுபது என்று தூக்கி வருபவர்களும் உண்டு. முழங்கால் ஆழக் குளத்துக்கு அவ்வளவு தேவையில்லை. டெக்ஸஸ் ரிக் என்று ஒரு கயிறு அமைப்பு இருக்கிறது. நாலடி வழவழப்பான கம்பி, அதன் நுனியில் நாலு அவுன்ஸ் எடை, பத்துப் பன்னிரண்டு பொம்மைகளை ஒரே வளையத்தில் கோத்துக்கொள்ளலாம். விரல் மரத்துப்போன காலையில் முடிச்சு அவிழ்க்கிற வேலை இல்லை.

பொம்மையைத் தொடும் முன் காற்றைப் பாருங்கள். கரையில் நிற்கும் சம்புக் கோரையின் பழுப்புக் கதிரை நகத்தால் ஒரு கீறு கீறினால் பஞ்சு உதிரும். தலைவிளக்கின் வெளிச்சத்தில் அது எந்தப் பக்கம் மிதந்து போகிறது என்று பார்த்தால் போதும். இந்தப் பள்ளத்தாக்கில் புயல் வரும் முன் பெரும்பாலும் தெற்கிலிருந்து அடிக்கும், புயல் போனதும் வடக்குக்குத் திரும்பிவிடும். வாத்து எதிர்காற்றில்தான் இறங்கும். அதனால் காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, ஒரு தோளிலிருந்து மறுதோளுக்குக் குறுக்கே போகும் காற்று. முதுகில் காற்று இருந்தால், இறங்கும் வாத்தின் கண் நேராக உங்கள் முகத்தில்தான் இருக்கும். குறுக்கே அடித்தால் அது பொம்மைகளைப் பார்த்துக்கொண்டே உங்களைப் பக்கவாட்டில் கடந்து வரும். காலையில் கிழக்கு பார்த்து உட்காராதீர்கள். வெயில் உங்கள் கண்ணிலும் அடிக்கும், முகத்தையும் காட்டிக்கொடுக்கும்.

இடம் முடிவானதும் தூரமானியை எடுத்து, ஒளிந்து உட்காரும் கோரைப் புதரிலிருந்து 35 கஜம் அளந்து, அங்கே ஒரு பின்டெயில் ஆணை வைக்கிறேன். அதன் வெள்ளை மார்பு அரையிருட்டிலும் தெரியும். அதுதான் என் எல்லைக்கல். அந்தப் பொம்மைக்கு அப்பால் எது வந்தாலும் துப்பாக்கி மடியில்தான். சேற்றில் காலடி வைத்துத் தூரம் கணக்குப் பண்ணாதீர்கள். சேறு இழுக்கும்போது ஒரு எட்டு ஒரு கஜம் வராது.

மீதிப் பொம்மைகளை இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். பெரிய கூட்டம் காற்று வரும் பக்கம், சின்னக் கூட்டம் காற்று போகும் பக்கம். நடுவில் பதினைந்து கஜ அகலத்துக்குத் திறந்த தண்ணீர் இருக்கட்டும். அந்த வெற்றிடத்தின் நடு உங்களிடமிருந்து 20, 25 கஜத்துக்குள் விழ வேண்டும். வாத்துக்குப் பொம்மைகளின் தலைக்கு மேல் பறந்து போய் இறங்கப் பிடிக்காது. கூட்டத்துக்கு முன்னால் காலியாக இருக்கும் தண்ணீரைத்தான் தேடும். முழுக் குளத்திலும் பொம்மைகளைப் பரப்பி வைத்தால், வாத்துகள் காற்று போகும் பக்கத்துக் கடைசி ஓரத்தில், நாற்பது ஐம்பது கஜத்தில் இறங்கிவிடும். அப்புறம் "இன்னும் இறுக்கமான சோக் வேண்டும்" என்று கடைக்கு ஓடுவோம்.

ஒரு பொம்மைக்கும் இன்னொன்றுக்கும் ஐந்தாறு அடி இடைவெளி விடுங்கள். கிளுவை இரண்டும் கோரையை ஒட்டி நெருக்கமாக இருக்கட்டும். எல்லாத் தலையும் ஒரே பக்கம் பார்த்தால் பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி இருக்கும், கொஞ்சம் கலைத்து விடுங்கள். சாய்ந்து மிதக்கும் பொம்மை ஒன்றே ஒன்று இருந்தாலும் எடுத்து நிமிர்த்துங்கள். உறைபனி படிந்த காலையில் பொம்மையின் முதுகு வெள்ளையாகிவிடும். உள்ளங்கையால் தண்ணீரை அள்ளி விசிறினால் கரைந்துவிடும்.

காற்றே இல்லாத மூடுபனி நாள்தான் கஷ்டம். பொம்மைகள் அப்படியே அசையாமல் நிற்கும். அதற்கு இழுகயிறு. குளத்தடியில் ஒரு முளை, அதில் ரப்பர் கயிறு, அதில் மூன்று பொம்மைகள், மறுமுனை உங்கள் கையில். இழுத்து விட்டால் அலை ஓடும். வாத்துகள் தூரத்தில் இருக்கும்போதும் திரும்பிப் போகும்போதும் இழுங்கள், தலைக்கு மேல் வந்ததும் கையை நிறுத்துங்கள். பேட்டரியில் இறக்கை சுழலும் பொம்மையைக் கலிஃபோர்னியாவில் சீசன் தொடக்கத்திலிருந்து நவம்பர் 30 வரை பயன்படுத்தக் கூடாது. அதற்கப்புறம் போடலாம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. இழுகயிறுக்குப் பேட்டரி தீராது.

இப்போது சோக்குக்கு வருவோம். சோக் என்பது குழலின் வாய்ப் பக்கம் திருகிப் பொருத்தும் சிறு குழாய். 12 கேஜ் என்ற வழக்கமான அளவுக் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். அதை நுனியில் எவ்வளவு குறுக்குகிறது என்பதுதான் சோக்கின் கணக்கு. சிலிண்டர் குறுக்குவதே இல்லை. இம்ப்ரூவ்ட் சிலிண்டர் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு, மாடிஃபைடு 20, ஃபுல் 35 முதல் 40 வரை. 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் விழும் ரவை முறையே 40, 50, 60, 70 சதவீதம் என்பது பழைய கணக்கு. அது ஈய ரவைக் காலத்துக் கணக்கு என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

நீர்ப்பறவைகளுக்கு ஈய ரவை அமெரிக்கா முழுவதும் 1991-லிருந்து தடை. சேற்றில் கிடக்கும் ரவையை வாத்து மணல் என்று நினைத்து விழுங்கி, ஈய நஞ்சால் சாகிறது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. எனவே நம் கையில் இருப்பது எஃகு ரவை. ஈயம் குழலுக்குள் நசுங்கிக் கோணலாகிச் சிதறும். எஃகு நசுங்காது, உருண்டையாகவே வெளியே போகும், அதனால் ரவைகள் போய் விழும் கொத்தும் இறுக்கமாக இருக்கும். எஃகில் மாடிஃபைடு போட்டால் ஈயத்தில் ஃபுல் போட்ட மாதிரி. ஆகவே ஒரு படி திறந்த சோக் எடுங்கள். மேலே சொன்னபடி வெற்றிடம் 20, 25 கஜத்தில் இருந்தால் இம்ப்ரூவ்ட் சிலிண்டரே போதும். 35 வரை போக வேண்டியிருந்தால் மாடிஃபைடு. ஃபுல்லை எஃகோடு நான் போடுவதே இல்லை. பழைய துப்பாக்கியில் கழற்ற முடியாத ஃபுல் சோக் இருந்தால் குழல் வீங்கவும் கூடும். சில இறுக்கமான சோக்குகளில் எஃகு கூடாது என்று பொறித்தே இருக்கும், படித்துப் பாருங்கள்.

இருட்டில் எது எது என்று தெரியவில்லையா? பல துப்பாக்கிகளின் சோக் விளிம்பில் சின்ன வெட்டுகள் இருக்கும். பெனெல்லி, பெரெட்டாவில் ஒரு வெட்டு ஃபுல், மூன்று மாடிஃபைடு, நான்கு இம்ப்ரூவ்ட் சிலிண்டர். வெட்டு கூடக் கூட வாய் திறக்கும். நகத்தால் தடவியே எண்ணிவிடலாம். தோட்டாவை எல்லாம் வெளியே எடுத்த பிறகுதான் இந்த வேலை.

எஃகு ஈயத்தைவிட லேசு. அதனால் ரவையில் இரண்டு எண் பெரிதாகப் போக வேண்டும். ஈயத்தில் 6 போட்ட இடத்தில் எஃகில் 4, 4 போட்ட இடத்தில் 2. எண் குறையக் குறைய ரவை பெரிது. ஒன்றேகால் அவுன்ஸ் தோட்டாவில் 2-ம் எண் எஃகு சுமார் 156 ரவை, 4-ம் எண் என்றால் 240. மல்லார்டுக்கு 2 அல்லது 3, கிளுவை அதிகம் வரும் நாளில் 4.

சோக்கின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். நாலடிச் சதுரத் தாள், நடுவில் ஒரு புள்ளி, 30 கஜம். ஒரு தாளுக்கு ஒரு வெடி, ஐந்து தாள். ரவை அதிகம் விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் போட்டு எண்ணுங்கள். மல்லார்ட் அளவு வாத்துக்கு வட்டத்துக்குள் 85, 90 ரவையாவது நான் எதிர்பார்ப்பேன். யூபா சிட்டியில் பீச் தோட்டம் வைத்திருக்கும் என் பஞ்சாபிக் கூட்டாளி எண்ணுவதோடு நிற்க மாட்டார். அட்டையில் வாத்தின் உடல் அளவுக்கு வெட்டி வைத்திருக்கிறார், அதை வட்டத்துக்குள் அங்கங்கே நகர்த்தி ஒரு ரவையும் படாத இடம் இருக்கிறதா என்று பார்ப்பார். எண்ணிக்கை நன்றாக இருந்தும் அட்டை முழுசாக நுழையும் ஓட்டை இருந்தால் அந்தத் தோட்டா வேண்டாம். ஒரே சோக், ஒரே எண், வேறு கம்பெனித் தோட்டா என்றால் கொத்து வேறு மாதிரி விழும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேட்டைப் பயிற்சிச் சான்று, மாநில உரிமம், வாத்துக்கான மாநில அனுமதி, ஃபெடரல் டக் ஸ்டாம்ப் என்ற 25 டாலர் மத்திய அரசு முத்திரை எல்லாம் வேண்டும். துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் போக முடியாதபடி அடைப்பு இருக்க வேண்டும். சேக்ரமென்டோ, டெலிவன் போன்ற சரணாலயங்களில் களத்துக்குள் 25 தோட்டாதான், அதனால்தான் எல்லைக்கல் இவ்வளவு முக்கியம். பறவை வரம்புகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்தந்த ஆண்டின் கையேட்டைப் பாருங்கள். விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கிச் சட்டம் வேறு, முதலில் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஜனவரியில் எல்லாம் கொஞ்சம் மாறும். தப்பிப் பிழைத்த வாத்துகள் பொம்மைகளைப் பார்த்து அலுத்துப்போயிருக்கும், வட்டமடித்துவிட்டுப் போய்விடும். பலர் அப்போது சோக்கை இறுக்குவதோடு நின்றுவிடுவார்கள். நான் முதலில் பொம்மைகளை ஏழெட்டாகக் குறைத்து, ஆணும் பெண்ணுமாக ஜோடி ஜோடியாக விலக்கி வைத்துவிட்டு, ஒளியும் இடத்தைப் பத்துக் கஜம் பக்கவாட்டில் தள்ளிக்கொள்வேன். அதற்கப்புறம்தான் சோக்கும் ஒரு படி இறுகி, இம்ப்ரூவ்ட் சிலிண்டரிலிருந்து மாடிஃபைடுக்குப் போகும்.

நடுவில் ஒருமுறை, தோட்டாக்களை எடுத்துவிட்டு, சோக் தளர்ந்திருக்கிறதா என்று விரலால் பாருங்கள். சுடச் சுட அது மெதுவாகக் கழன்று வரும், பாதி கழன்ற சோக்கோடு சுட்டால் குழலின் வாயே போய்விடும். சோக் இல்லாமலும் சுடாதீர்கள், மரை கெடும். வீட்டுக்கு வந்ததும் கழற்றித் துடைத்து, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவித் திரும்பப் போடுங்கள். ஈரத்தோடு ஒரு வாரம் விட்டால் துருவேறி இறுகிவிடும், அப்புறம் அதைக் கழற்றத் துப்பாக்கிப் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.