தையில் போய் நிற்காதீர்கள்: பிரதேச சபையிடம் முறையிடுவதில் நாங்கள் விடும் பிழைகள்

வன்னியில் ஒழுங்கைகள் உடைவது மாரியில்தான். ஐப்பசியில் மழை தொடங்கும், கார்த்திகையில் குளங்கள் வான் பாயும், மார்கழிக்குள் மதகடி மண் கரைந்து போய்விடும். வெள்ளம் வடிந்து தை பிறந்த பிறகுதான் சனம் ஒன்றுகூடிப் பிரதேச சபைக்குப் போகும். அந்த நேரம் அந்த ஆண்டுக்கான பாதீடு, அதாவது வரவு செலவுத் திட்டம், நிறைவேறி முடிந்திருக்கும். சபையின் நிதியாண்டு ஜனவரி 1 இலிருந்து டிசம்பர் 31 வரை. புதிய ஆண்டு பிறக்க முதலே எந்த வீதிக்குக் கிரவல், எந்தச் சந்தைக்குக் கூரை என்பதெல்லாம் எழுதப்பட்டுவிடும். எங்கள் பக்க நியாயத்தை மழை காட்டிக்கொண்டிருக்கும் அதே கிழமைகளில், காசு பங்கிடப்பட்டு முடிகிறது.

அதனால் இந்த மாரியில் எடுக்கும் படங்கள் அடுத்த ஆவணிக்கு உரியவை. எந்த இடத்தில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, பிள்ளைகள் எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகவில்லை என்று அப்போதே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஆவணி, புரட்டாதியில் முன்மொழிவாகக் கொடுங்கள். பாதீட்டு வரைவை மக்கள் பார்வைக்கு வைக்கும் அறிவித்தல் வந்தால் போய்ப் பாருங்கள். அந்த அறிவித்தலை வாசித்துவிட்டு அப்படியே போகிறவர்கள்தான் அதிகம் என்பது எனக்குப் பெரிய கவலை.

அடுத்த பிழை, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கேட்பது. பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றென்று இன்றைக்கும் பலர் நினைக்கிறார்கள். காணி அனுமதிப்பத்திரம், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு போன்றவை டி.எஸ். ஒபிஸ் என்று நாங்கள் சொல்லும் பிரதேச செயலகத்தில் பார்க்கும் வேலைகள். தெருவிளக்கு, குப்பை, சந்தை, மயானம், வாசிகசாலை, உள்ளூர் வீதிகள், கட்டட அனுமதி ஆகியவை 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் இயங்கும் சபையின் பக்கம்.

வீதிகளில்தான் சிக்கல் கூட. ஏ9, பரந்தன் - முல்லைத்தீவு வீதியான ஏ35 போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. குளக்கட்டும் வாய்க்கால் கரையும் பெரிய குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், சின்னக் குளமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். காட்டோரப் பாதையென்றால் வனத் திணைக்களமும் இடையில் வரும். மிச்ச ஒழுங்கைகள்தான் சபைக்கு.

எங்கள் ஊரில் வயலுக்குப் போகும் வழியில் மதகு உடைந்தபோது இரண்டு மாரிகளாகச் சபைக்கே மனு எழுதினோம். அந்த இடம் வேறொரு திணைக்களத்தின் பொறுப்பில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. கடிதத்தை வாங்கி வைத்தவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு போக நெல்லையும் உழவு இயந்திரத்தில் சுற்றுப்பாதையால் ஏற்றி இறக்கினோம். மனு எழுத முதல் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் "இந்த வீதி உங்கட பதிவில இருக்கா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

மனுவில் எல்லாவற்றையும் கொட்டுவதும் வழக்கம். வீதி, விளக்கு, விளையாட்டுத் திடல், யானை வேலி என்று ஒரே தாளில் பத்து விடயம் போனால் எந்த மேசையிலும் அது நிற்காது. ஒரு கடிதத்துக்கு ஒரு விடயம். எந்தச் சந்தியிலிருந்து எந்த வீடு வரை, எத்தனை மீற்றர், எத்தனை குடும்பம் என்று எழுதுங்கள். தவிசாளருக்கு மூலப் பிரதி, செயலாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும் ஒவ்வொரு பிரதி. உங்கள் கைப்பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் வராதீர்கள்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை செயலாளர்களே நிர்வாகம் பார்த்தார்கள். அந்த இரண்டு ஆண்டில் வளர்ந்த இளையவர்கள் பலர் ஒரு சபை அமர்வையும் கண்டதில்லை. பார்வையாளராகப் போய் இருக்கலாம், ஆனால் எழுந்து பேச முடியாது, உறுப்பினர்தான் பிரேரணை கொண்டுவர வேண்டும். அமர்வு நாளில் வாசலில் நின்று சத்தம் போடுவதை விட, நிகழ்ச்சி நிரல் தயாராக முதலே உறுப்பினரைக் காண்பது பலன் தரும். வட்டாரத்தில் வென்றவர் உங்கள் ஊரைத் திரும்பிப் பார்க்காவிட்டால் விகிதாசாரப் பட்டியலில் வந்தவர்களிடம் போங்கள், அவர்களுக்கும் அதே வாக்குரிமை உண்டு. சபையின் ஆலோசனைக் குழுக்களில் ஊர்வாசிகளையும் சேர்க்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவோர் குறைவு.

செலவு பற்றிக் கதைக்கும்போது விடும் பிழைதான் என்னை அதிகம் வருத்துகிறது. சபையின் சொந்த வருமானம் சந்தைக் குத்தகை, வியாபார உரிமக் கட்டணம், ஆதன வரி, முத்திரை வரி, நீதிமன்றத் தண்டப்பணம் என்று சின்னச் சின்னதாக வருவது. பெரிய வீதி வேலைக்கான காசு அநேகமாக மாகாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒரு திட்டத்துக்கென்றே வரும், அதைத் தெருவிளக்குக்கு மாற்ற முடியாது. அப்படி இருக்க, கிராம அபிவிருத்திச் சங்கம் ஒரு வீதியையும் மாதர் சங்கம் இன்னொரு வீதியையும் முதலாவதாக எழுதிக் கொடுத்தால், ஊருக்குள் ஒற்றுமை இல்லையென்று இரண்டையும் ஒதுக்க வழியாகிவிடும். முதலில் ஊருக்குள் இருந்து பேசி ஒன்றைத் தீர்மானியுங்கள்.

புதிதாகக் கட்டச் சொல்லியே கேட்பதும் பிழை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எழுந்த பொது நோக்கு மண்டபங்களில் பூட்டுத் துருப்பிடித்துக் கிடப்பவற்றை நீங்களும் கண்டிருப்பீர்கள். கட்டடம் மூலதனச் செலவு. காவலாளி, மின்கட்டணம், திருத்த வேலை எல்லாம் ஒவ்வொரு ஆண்டும் மீண்டெழும் செலவு. இரண்டாவதற்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்கள் என்று கேட்காமல் முதலாவதைக் கேட்க வேண்டாம்.

சந்தேகம் வந்தால் முகநூலில் "கொள்ளை" என்று எழுத முதல் தகவல் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத் தொகை, வேலையின் அளவு, கொடுப்பனவு விவரம் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்கலாம். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்ல வேண்டும், மறுத்தால் மேன்முறையீடு உண்டு. கையில் அந்தத் தாள் இருந்தால் கொங்கிரீட் போடும் நாளில் அளவு நாடாவோடு போய் நீளமும் தடிப்பும் பார்க்கலாம்.

எங்கள் மாதர் சங்கம் இந்த மாரியில் படமெடுக்க வேண்டிய ஏழு இடங்களை இப்போதே எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த வீதி யாருடையது என்றும் குறித்திருக்கிறோம்.