வைட்பேண்ட் சென்சார் மாட்டுங்க, ஆனா கம்பெனி ஈசியுவோட சென்சாரை கழட்டாதீங்க

கார்ல புகை போற பைப்புல கம்பெனி போட்டு அனுப்பற ஆக்சிஜன் சென்சார் பெரும்பாலும் நேரோபேண்ட் தான். அது ஈசியுக்கு, அதாவது எஞ்சினை நடத்தற கம்ப்யூட்டருக்கு, சொல்றது ஒரே ஒரு விஷயம், பெட்ரோல் அதிகமா காத்து அதிகமா, அவ்ளோதான். வோல்டேஜ் 0.45-க்கு மேல போனா ரிச், அதாவது பெட்ரோல் அதிகம்; கீழ இறங்குனா லீன், அதாவது காத்து அதிகம். எவ்ளோ ரிச் எவ்ளோ லீன்னு கேட்டா அதுகிட்ட உருப்படியான பதில் கிடையாது, அந்த "எவ்ளோ"வை நம்பரா காட்டறது தான் வைட்பேண்ட். அதனால சேலத்துல பழைய பிஎஸ்3, பிஎஸ்4 வண்டிக்கு சைலன்சர் மாத்தி ஏர் ஃபில்டர் மாத்தி வேலை பாக்கறவங்க இதை வாங்கி மாட்டறது ரொம்ப சரியான முடிவு, காதுல கேட்டு ட்யூன் பண்றதை விட ஆயிரம் மடங்கு மேல். மாட்டற விதம் தான் தப்பாயிடுது.

முதல் தப்பு, பெரிய தப்பு: பழைய சென்சாரை கழட்டிட்டு அதே ஓட்டையில வைட்பேண்டை முறுக்கிடறது. "ரெண்டும் ஓ2 சென்சார் தானே"ன்னு சொல்றாங்க. இல்லைங்க. ஈசியு எதிர்பாக்கறது 0.1-க்கும் 0.9-க்கும் நடுவுல மேல கீழ ஆடற சிக்னல், வைட்பேண்ட் கன்ட்ரோலரோட மெயின் அவுட்புட் 0-வுல இருந்து 5 வோல்ட் வரைக்கும் போகும். அதை நேரா ஈசியுக்கு குடுத்தா அது எப்பவும் ரிச்னு நெனச்சு பெட்ரோலை குறைச்சிட்டே போகும், எஞ்சின் நெஜமாவே லீன்ல ஓடும், கொஞ்ச நேரத்துல செக் எஞ்சின் லைட் எரியும். அடுத்தது ஹீட்டர். கம்பெனி சென்சாரோட ஹீட்டர்ல கரன்ட் ஓடுதான்னு ஈசியு தனியா செக் பண்ணும், அது இல்லைன்னா பி0135-ங்கற ஃபால்ட் கோட் வந்துரும். அதுக்காக சிலர் பழைய சென்சாரை கனெக்டர்லயே விட்டு பானெட்டுக்குள்ள தொங்க விடறாங்க, தயவு செஞ்சு அதை பண்ணாதீங்க, அந்த ஹீட்டர் முனை பக்கத்துல இருக்கிற ஹோஸையும் வயரையும் உருக்கற அளவு சுடும்.

நிறைய கன்ட்ரோலர்ல நேரோபேண்ட் மாதிரியே நடிக்கற ரெண்டாவது அவுட்புட் ஒண்ணு இருக்கு, அதை யூஸ் பண்ணலாம் தான், ஆனா ஆடற வேகம் ஈசியுக்கு பிடிக்கலைன்னா பி0133, அதாவது சென்சார் மெதுவா வேலை செய்யுதுன்னு கோட் வரும். புது வண்டி சிலதுல கம்பெனியே வைட்பேண்ட் தான் வச்சிருக்கு, அங்க இந்த நடிப்பு சிக்னல் சுத்தமா எடுபடாது. என்னைக் கேட்டா ஒரே வழி தான்: பழைய சென்சார் அதோட இடத்துலயே இருக்கட்டும், லேத்துல ஒரு எம்18 பங் (சென்சாரை முறுக்கற மரை வச்ச வளையம்) வாங்கி பைப்புல தனியா வெல்டிங் வச்சு வைட்பேண்டை அங்க மாட்டுங்க. ஈசியு அதோட வேலையைப் பாக்கும், நீங்க நம்பரைப் பாருங்க.

மைலேஜ் ஆசையில அந்த நடிப்பு சிக்னலோட மாறற புள்ளியை லீன் பக்கம் நகர்த்தி வைக்கறதும் நடக்குது. ஈசியு ஏமாந்து பெட்ரோலை குறைக்கும், சரி. ஆனா காத்து மிச்சமா இருந்தா புகையை சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரால நைட்ரஜன் ஆக்சைடை உடைக்க முடியாது, அந்த புகையை நம்ம ஊரு ஜனம் தான் சுவாசிக்கணும். போதாததுக்கு ஈசியு கத்துக்கிட்ட குறைச்சலை ஃப்யூயல் ட்ரிம்ல, அதாவது அதோட பெட்ரோல் திருத்தக் கணக்குல, எழுதி வச்சுக்கும், பல வண்டியில அது முழு த்ராட்டில்லயும் சேர்ந்தே வரும், அங்க லீனா ஓடுனா நாக்கிங் தான்.

இப்போ பெட்ரோல் பங்க்ல போடற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். சுத்த பெட்ரோல் ஒரு கிலோவுக்கு சரியான கலவை 14.7 கிலோ காத்து, இந்த எத்தனால் கலந்த இ20-க்கு அது 13.5 பக்கம் வரும். ஆனா கேஜ் உள்ளுக்குள்ள லாம்டாவை (எந்த பெட்ரோலா இருந்தாலும் சரியான கலவைக்கு 1.0-னு வர்ற அளவு) அளந்து 14.7-ஆல பெருக்கி தான் காட்டுது, அதனால இ20 போட்டாலும் சரியான கலவைக்கு 14.7-னே காட்டும். இது தெரியாம 13.5 வரணும்னு பெட்ரோலை ஏத்தறவங்க வேணும்னே ரிச் பண்றாங்க. கேஜை லாம்டாவுக்கு மாத்தி 1.0-ஐப் பாருங்க, குழப்பமே இல்ல.

பங் வைக்கற இடமும் முக்கியம். சென்சாரோட வயர் பக்கம் மேலயும் முனை கீழயும் இருக்கணும், படுக்கையா வச்சாலோ கீழ இருந்து வச்சாலோ பைப்புல சேர்ற தண்ணி சூடான செராமிக் மேல பட்டு விரிசல் விட்டுரும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னாடி வையுங்க. மேனிபோல்டு கேஸ்கெட்ல ஓட்டை இருந்தா வெளிக்காத்து உள்ள போய் பொய்யா லீன் காட்டும், அதை முதல்ல அடைங்க. சிலிக்கான் பேஸ்ட் வேண்டாம், அதோட ஆவி சென்சாரை சாகடிக்கும். கேஜ் பிடிக்கலைன்னு பவரை மட்டும் புடுங்கிட்டு சென்சாரை பைப்புல விட்டு ஓட்டாதீங்க, ஹீட்டர் இல்லாத சென்சார் மேல கரி படிஞ்சுரும். கனெக்டரை வெட்டி வயர் நீட்டவும் கூடாது, எல்எஸ்யு 4.9 மாடல் வைட்பேண்ட் சென்சார்ல காலிப்ரேஷன் ரெசிஸ்டர் அந்த கனெக்டருக்குள்ள தான் இருக்கு.

மாட்டி முடிச்சதும் எல்லாரும் போறது ஏற்காடு ரோடு தான், நல்ல டெஸ்ட் ரோடும் கூட. அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு, மேல ஏறுனா சேலத்தை விட காத்தழுத்தம் ஏழுல ஒரு பங்கு கம்மி. ஏறும்போது மிதிச்சா லாம்டா 0.85, 0.9-க்கு வரும், ஈசியு வேணும்னே ரிச் பண்ணுது, எஞ்சினை சூட்டுல இருந்து காப்பாத்த. இறங்கும்போது கியர்ல வச்சு ஆக்சிலேட்டரை விட்டா கேஜ் லீன் பக்கம் கடைசிக்கே போய் நிக்கும். இஞ்செக்டர் மூடிருக்கு, பைப்புல வெறும் காத்து, அதனால அது சரியான ரீடிங் தான். அதைப் பாத்து பயந்து பெட்ரோல் ஏத்துறது, இல்ல நியூட்ரல்ல இறங்கறது, ரெண்டுமே வேண்டாம், நியூட்ரல்ல பிரேக் சூடேறி பிடிக்காம போயிரும். வளைவுல கேஜைப் பாக்காதீங்க, ரீடிங்கை ரெக்கார்ட் பண்ணி, அதாவது லாக் எடுத்து, வீட்டுல வந்து பாருங்க.

லாக்ல ஒரு இடத்துல மட்டும் திடீர்னு லீன் ஏறியிருந்தா உடனே மேப்ல, அதாவது ஈசியுவோட பெட்ரோல் அளவு அட்டவணையில, கை வைக்காதீங்க. ஒரு சிலிண்டர்ல தீ பிடிக்காம விட்டா எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளிய வரும், சென்சார் அதைத் தான் லீன்னு காட்டும். முதல்ல பிளக்கை கழட்டிப் பாருங்க, அப்புறம் காயில்.