சுகர், பிரஷர் இருக்கிறவர்கள் டேர்ம் பாலிசி எடுப்பது எப்படி?

ஈரோட்டில் நான் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். டேர்ம் பாலிசி என்பது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு. நாற்பதைத் தாண்டியவர்கள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்றுதான்: "ஏனுங்க அக்கா, சுகர் மாத்திரை போடறதச் சொல்லித்தான் ஆகணுங்களா? சொல்லாம விட்டா பிரீமியம் கம்மியாகுமில்லீங்க?"

கம்மியாகத்தான் ஆகும். க்ளெய்மும் வராமல் போகும்.

பாலிசி எடுத்த 3 வருடத்துக்குள் ஒருவர் இறந்துவிட்டால், பெரும்பாலும் நிறுவனம் விசாரணைக்கு ஆள் அனுப்பும். அவர் பெரிதாகத் துப்பறிய வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது டியூட்டி டாக்டர் "எத்தனை வருசமா சுகர்?" என்று கேட்பார். கூட வந்த மனைவி பதற்றத்தில் "எட்டு வருசங்க" என்பார். அது கேஸ் ஷீட்டில் ஏறி, டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் வந்துவிடும். பவானிப் பக்கம் விசைத்தறி வைத்திருந்த ஒருவர் வீட்டில் இப்படித்தான் ஆனது. ஃபார்மை யாரோ ஒரு ஏஜென்ட் நிரப்பியிருக்கிறார். நோய் பற்றிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் "இல்லை". கீழே அவர் கையெழுத்து மட்டும். கட்டிய பிரீமியம் திரும்பி வந்தது, காப்பீட்டுத் தொகை வரவில்லை.

"மூணு வருசம் தாண்டிட்டா கேள்வி கேக்க முடியாதாமே?" என்று விவரம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். உண்மைதான். 1938 காப்பீட்டுச் சட்டத்தின் பிரிவு 45, 2015 திருத்தத்துக்குப் பிறகு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பிரீமியம் கட்டாமல் பாலிசி லேப்ஸ் ஆகி (காலாவதியாகி), பிறகு புதுப்பித்தால், அந்தத் தேதியிலிருந்து திரும்ப 3 வருடம் எண்ணுவார்கள். சுகர் இருக்கிறவர் அந்த 3 வருடத்தின் மீது பந்தயம் கட்டுவதைவிட லோடிங் கட்டிவிட்டுப் போகலாம். லோடிங் என்பது உடல்நிலைக்காக ஏற்றும் கூடுதல் பிரீமியம். 50 சதவீத லோடிங் என்றால் 20,000 கட்ட வேண்டிய இடத்தில் 30,000.

எல்லா நோய்க்கும் லோடிங் விழாது. தைராய்டுக்குத் தைரோநார்ம் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு, டி.எஸ்.எச். என்ற தைராய்டு டெஸ்ட் சரியாக இருந்தால் பெரும்பாலும் சாதாரண பிரீமியமே. ஒரே மாத்திரையில் அடங்கிய பிரஷர், லேசான கொலஸ்ட்ரால் என்றால் லோடிங் இல்லாமலோ சின்ன லோடிங்கிலோ முடியும். சுகருக்கு வயது, எத்தனை வருடமாக இருக்கிறது, எச்பிஏ1சி என்ற சுகர் டெஸ்டில் எவ்வளவு, சிறுநீரில் புரதம் போகிறதா என்று எல்லாம் பார்ப்பார்கள். எச்பிஏ1சி 7க்குள் இருந்தால் பேச்சு சுலபம். 9, 10 என்று இருந்தால் அவசரப்பட வேண்டாம். டாக்டரைப் பார்த்து முதலில் அதை இறக்குங்கள். அது ஏறக்குறைய 3 மாதச் சராசரி என்பதால் ஒரு வாரம் சோற்றைக் குறைத்து ஏமாற்ற முடியாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிட்னி பாதித்தவர்களுக்கும் தனியார் டேர்ம் பாலிசி கிடைப்பது கஷ்டம். சுகரோடு சிகரெட்டோ ஹான்ஸ் மாதிரி புகையிலையோ சேர்ந்தால் இன்னும் சிக்கல். சிறுநீரில் கோட்டினின் (நிகோட்டினின் தடயம்) பார்ப்பார்கள், அதனால் "எப்பவாவது ஒண்ணு" என்பதையும் ஃபார்மில் எழுதுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு ஃபைல் போடுங்கள். கடைசி இரண்டு எச்பிஏ1சி, கிட்னிக்கான கிரியாட்டினின், சிறுநீர் மைக்ரோ ஆல்புமின், லிப்பிட் (கொலஸ்ட்ரால்) ரிப்போர்ட், சமீபத்திய ஈசிஜி, மாத்திரை பெயரும் அளவும் எழுதிய மருந்துச்சீட்டு. இவற்றோடு உங்கள் டாக்டரிடம் எப்போதிலிருந்து சுகர், என்ன மருந்து, கண், கிட்னி, இதயத்தில் பாதிப்பு உண்டா என்று லெட்டர்ஹெட்டில் நாலு வரி வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனத்தில் முடிவெடுக்கிறவர் உங்களைப் பார்க்கப் போவதில்லை. அவருக்கு முன்னால் இருப்பது காகிதம்தான். விவரம் இல்லாத இடத்தில் அவர் மோசமானதைத்தான் நினைத்துக்கொள்வார். இன்னொன்று, வருமானச் சான்று. மஞ்சள் மண்டியில் லட்சக்கணக்கில் புழங்குகிறவர்கள்கூட ஐ.டி. ரிட்டர்ன் இல்லாமல் வந்து 1 கோடி கவர் கேட்பார்கள். கிடைக்காது.

மெடிக்கல் டெஸ்டுக்கு முதல் நாள் ராத்திரி பிரியாணியும் சரக்கும் வேண்டாம், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு எகிறிவிடும். அன்றைக்குக் கடுமையான ஜிம் பயிற்சியும் வேண்டாம், சிறுநீரில் புரதம் காட்டக்கூடும். காய்ச்சல் இருந்தாலோ பெண்களுக்கு மாதவிலக்கு என்றாலோ தேதியைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள், தருவார்கள். காலையில் வெறும் வயிறு, டீ, காபி கிடையாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வெறும் வயிற்றில் எதைப் போடலாம் என்று டாக்டரைக் கேளுங்கள். பிரஷர் பார்க்கும் முன் பத்து நிமிஷம் உட்காருங்கள். மாடிப்படி ஏறி வந்த கையோடு கையை நீட்டினால் 160 காட்டத்தான் செய்யும்.

எங்கே விண்ணப்பிப்பது? என்னைப் போன்ற ஏஜென்ட் ஒரே ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசியைத்தான் விற்க முடியும். எங்கள் நிறுவனம் சுகருக்குக் கெடுபிடி என்றால் நான் அதை உங்களிடம் வாய்விட்டுச் சொல்வேனா என்பது என் மனசாட்சியைப் பொறுத்தது. புரோக்கர் பல நிறுவனங்களைக் காட்டலாம். ரிப்போர்ட்டுகளை முன்கூட்டியே காட்டி, எடுப்பார்களா என்று வாய்மொழியாக விசாரிக்கச் சொல்லுங்கள். கோபத்தில் ஒரே வாரத்தில் நாலு இடத்தில் ஆன்லைனில் தட்டாதீர்கள். ஒரு இடத்தில் நிராகரித்தால், அடுத்த ஃபார்மில் "இதற்கு முன் நிராகரிக்கப்பட்டதா?" என்ற கேள்விக்கு "ஆம்" போட்டாக வேண்டும். இருக்கிற பழைய பாலிசிகளையும் எழுத வேண்டும்; அதை மறைத்ததற்காக க்ளெய்ம் மறுக்கப்பட்டதை உச்ச நீதிமன்றமே 2019இல் சரி என்றிருக்கிறது.

பிரீமியத்தைக் குறைக்க வேறு இடங்கள் உண்டு. 85 வயது வரை கவர் தேவையில்லை. கடன் முடிந்து, பிள்ளைகள் வேலைக்குப் போகும் வயது வரை போதும், 60 அல்லது 65. பிரீமியம் திரும்பக் கிடைக்கும் திட்டம் வேண்டாம். மாதாமாதம் கட்டுவதைவிட வருடத்துக்கு ஒருமுறை கட்டுவது சாதாரணமாக மலிவு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, முன்பு டேர்ம் பாலிசிக்கு 18 சதவீதம் இருந்தது. யாராவது இன்னும் கேட்டால் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். தறிக்கோ கடைக்கோ கடன் வாங்கியிருக்கும் கணவர்கள், எடுக்கும்போதே 1874 திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுங்கள். கடன்காரர் அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது.

எங்குமே கிடைக்கவில்லையா? பேங்க் கணக்கு வழியாகப் பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா: வருடம் 436 ரூபாய், 2 லட்சம் கவர், 50 வயதுக்குள் சேர வேண்டும், மெடிக்கல் டெஸ்ட் இல்லை. புதிதாகச் சேர்ந்தால் முதல் 30 நாளுக்கு விபத்து மரணத்துக்கு மட்டும் பணம். பி.எஃப். பிடிக்கும் வேலையில் இருந்தால் இ.டி.எல்.ஐ. என்ற பி.எஃப்.போடு சேர்ந்த ஆயுள் காப்பீடு மூலம் அதிகபட்சம் 7 லட்சம் வரை உண்டு, அதற்குச் சம்பளத்தில் தனியாகப் பிடிப்பதில்லை. கம்பெனியில் குரூப் இன்ஷூரன்ஸ் இருந்தால் அதையும் விடாதீர்கள்.

பாலிசி கைக்கு வந்ததும் பீரோவில் வைக்காதீர்கள். கூடவே உங்கள் ப்ரபோசல் ஃபார்மின் (விண்ணப்பத்தின்) நகல் இருக்கும். நோய் பற்றிய கேள்விகளுக்கு நீங்கள் சொன்ன பதில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். "சுகர்: இல்லை" என்று இருந்தால் உடனே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்குங்கள். திருத்த மறுத்தால் பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். மெடிக்கல் செலவையும் அதுவரைக்குமான சிறு தொகையையும் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள்.