ஜப்பானில் மார்ச் மாதம் பள்ளியும் ஊரும் மாறுகிற ஆசிரியர்களுக்கு

நீகாட்டா மாகாணத்தின் மலையோரச் சிற்றூர் ஒன்றில் நான்கு ஆண்டுகள் ஆங்கில உதவி ஆசிரியராகப் பணியாற்றிவிட்டு, கடந்த மார்ச் மாத இறுதியில் டோக்கியோவின் எடோகாவா வார்டிலுள்ள நிஷி கசாய்க்குக் குடிவந்தேன். ஏப்ரல் 1 முதல் புதிய பள்ளியில் வேலை. வந்து மூன்று மாதங்கள் ஆகிவிட்டன. வீடும் வேலையும் ஒருவாறு நிலைபெற்றுவிட்டன. நலம் விசாரித்து எழுதியவர்களுள், என்னைப் போலவே இந்நாட்டில் கற்பிக்கும் தமிழர்கள் சிலர், அடுத்த ஆண்டு தாங்களும் மாற எண்ணியிருப்பதாகவும், எதை எப்போது செய்ய வேண்டும் என்று தெரியவில்லை என்றும் கேட்டிருந்தார்கள். மூன்றாண்டுகளுக்கு முன் அதே ஊருக்குள் ஒருமுறை வீடு மாறியபோது நான் செய்த பிழைகளும், இம்முறை அவற்றைத் தவிர்த்ததில் கிடைத்த நிம்மதியும் இன்னும் நினைவில் இருக்கும்போதே எழுதிவைக்கிறேன். என் அனுபவத்தில், பெட்டிகளைக் கட்டுவது இந்த வேலையில் சிறு பகுதிதான். யாரிடம் எந்த நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்ற வரிசையைப் பிசகாமல் கடைப்பிடிப்பதற்கே பெரும் உழைப்பு தேவைப்படுகிறது.

ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. நிறுவனங்களும் பெரும்பாலும் அப்போதுதான் ஆட்களைச் சேர்க்கின்றன, இடம் மாற்றுகின்றன. ஆகவே மார்ச் கடைசி இரண்டு வாரங்களில் நாடே மூட்டை கட்டுகிறது என்று சொல்லலாம். சாமான் ஏற்றும் வண்டிகளின் கட்டணம் அப்போது உச்சத்தில் இருக்கும். பணம் கொடுத்தாலும் நாம் கேட்கும் நாளில் வண்டி கிடைப்பதில்லை. எனவே ஜனவரியிலேயே தொடங்கிவிடுங்கள்.

முதலில் பள்ளிக்குச் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறீர்களா என்ற கேள்வி பெரும்பாலும் குளிர்காலத்தில் வரும். அக்கேள்வி வரும் வரை காத்திராமல், மனம் முடிவானதும் துணைத் தலைமையாசிரியரிடம் தனியாக ஐந்து நிமிடம் கேட்டு, நேரில் சொல்லிவிடுங்கள். பக்கத்து மேசை ஆசிரியர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் அவருக்கு முதலில் சொல்லாதீர்கள். செய்தி சுற்றி வந்து மேலிடத்தை அடைவதை இங்கே அவமதிப்பாகக் கருதுகிறார்கள். மாணவர்களிடம் சொல்வது இன்னும் தள்ளிப்போக வேண்டும். எந்த ஆசிரியர் போகிறார், எவர் இருக்கிறார் என்பதை மார்ச் மாதப் பிற்பகுதியில் முறையாக அறிவிக்கும் வரை பிள்ளைகளுக்குத் தெரிவிப்பதில்லை. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "சென்செய் (ஆசிரியரே), அடுத்த ஆண்டும் இருப்பீர்கள்தானே?" என்று பிப்ரவரியில் கேட்டபோது நான் பதில் சொல்ல முடியாமல் திணறினேன். அத்தகைய வேளைக்காக ஒரு பதிலை முன்னரே யோசித்துவைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, விசா. அரசுப் பள்ளிகளில் கற்பிப்பவர்களுக்கு வழக்கமாகத் தரப்படுவது 'கியோஇகு' எனப்படும் கல்விப் பணி வசிப்புரிமை. தனியார் ஆங்கில உரையாடல் நிலையங்களுக்கோ நிறுவனங்களுக்கோ மாறினால் அது செல்லாது. மனிதவியல் மற்றும் பன்னாட்டுச் சேவைகளை உள்ளடக்கிய வேறு பிரிவுக்கு மாற்றி வாங்க வேண்டும், அனுமதி கைக்கு வந்த பிறகே புதிய வேலையைத் தொடங்க வேண்டும். இதற்கு ஓரிரு மாதங்கள் பிடிக்கலாம் என்பதால் ஜனவரியைத் தாண்டவிடாதீர்கள். பள்ளியிலிருந்து பள்ளிக்கே மாறுபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனாலும் பழைய ஒப்பந்தம் முடிந்ததையும் புதியது தொடங்கியதையும் 14 நாட்களுக்குள் குடிவரவு முகமைக்குத் தெரிவித்தாக வேண்டும். இணையவழியே பத்து நிமிடத்தில் முடிகிற இவ்வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விசாவைப் புதுப்பிக்கும்போதுதான் அதன் விளைவு தெரியவரும்.

அடுத்து வீடு. இரு முனைகளிலும் வேலை இருக்கிறது. இப்போதிருக்கும் வீட்டைக் காலி செய்வதாக எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். பெரும்பாலும் ஒரு மாதம், சில இடங்களில் இரண்டு மாதம். புதிய வீட்டுக்கு வைப்புத்தொகையான ஷிகிகின், திரும்பி வராத அன்பளிப்புத் தொகையான ரெய்கின், தரகருக்கு அதிகபட்சமாக ஒரு மாத வாடகையும் அதன் மேல் வரியும், வாடகைக்குப் பொறுப்பேற்கும் உத்தரவாத நிறுவனத்தின் கட்டணம், முதல் மாத வாடகை என்று எல்லாம் சேர்ந்து நான்கைந்து மாத வாடகைக்கு நிகரான தொகை ஒரே நாளில் கையை விட்டுப் போகும். வெளிநாட்டவருக்குத் தருவதில்லை என்று தரகர் தொலைபேசியை வைத்துவிட்டுத் தலை குனிந்து சொல்வதையும் கேட்க வேண்டியிருக்கும். எனக்கு அப்படி மூன்று வீடுகள் கைநழுவின. அது மனத்தை வருத்தும்; ஆனால் அன்றைக்கே அடுத்த வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிட வேண்டும். நான் இறுதியில் யூஆர் எனப்படும் அரசு சார்ந்த நகர்ப்புற வீட்டுவசதி அமைப்பின் குடியிருப்பைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே ரெய்கின் இல்லை, தரகுக் கட்டணம் இல்லை, ஒப்பந்தப் புதுப்பிப்புக் கட்டணம் இல்லை, பிணையாள் தேவையில்லை. இரண்டு மாத வாடகை வைப்புத்தொகையும், குறிப்பிட்ட அளவு வருமானத்துக்கான சான்றும் இருந்தால் போதும். நிஷி கசாயில் இந்தியக் குடும்பங்கள் பெருகியதற்கு இத்தகைய குடியிருப்புகளும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன்.

பழைய வீட்டை ஒப்படைக்கும்போது கையில் ஒளிப்படங்கள் இருக்கட்டும். இயல்பான வாழ்க்கையில் ஏற்படும் தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்லர் என்பது 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டத் திருத்தத்தில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. என் வீட்டின் தெற்குச் சன்னலோரத்தில் இருந்த தத்தாமிப் பாய் வெயிலில் வெளிறி, மேசை நின்ற இடம் மட்டும் பச்சை குன்றாமல் சதுரமாகத் தெரிந்தது. பார்வையிட வந்தவர் அதைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். வெயிலால் வெளிறியது உரிமையாளர் பொறுப்புதானே என்று பணிவாகக் கேட்டேன். ஒரு கணம் யோசித்துவிட்டு அந்த வரியை அடித்துவிட்டார். கேட்காமல் இருந்திருந்தால் அது என் வைப்புத்தொகையில் கழிந்திருக்கும்.

பனிப் பிரதேசத்திலிருந்து வருகிறவர்களுக்கு மண்ணெண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணெய் மிச்சமிருக்கும் அடுப்பையோ சிவப்புக் கேனையோ சாமான் வண்டிக்காரர்கள் ஏற்றமாட்டார்கள். ஆகவே பிப்ரவரி இறுதியிலிருந்தே 18 லிட்டர் கேனை நிரப்புவதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசி நாளுக்கு முந்தைய நாள், ஹீட்டரின் உள்தொட்டியை வெளியே எடுத்து, அடியில் தேங்கியிருப்பதைக் கைப்பம்பால் உறிஞ்சி எடுத்துவிட்டு, பிறகு அது தானாக அணையும் வரை எரியவிடுங்கள். அறை முழுக்க மண்ணெண்ணெய் வாடை சூழ்ந்துகொள்ளும் என்பதால் சன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும். அன்றிரவு குளிரும், போர்வைகளைக் கடைசிப் பெட்டியில் கட்டுங்கள். மிச்சமிருந்த அரைக் கேனை அடுத்த வீட்டுப் பாட்டியம்மாவுக்குக் கொடுத்தேன். பதிலுக்கு அவர் தோட்டத்துப் பனிக்கடியில் புதைத்துக் காத்த முட்டைக்கோஸ் ஒன்றைத் தந்தார்.

கழித்துக்கட்ட வேண்டிய பெரிய சாமான்களுக்கு முன்பதிவு அவசியம். மார்ச் மாதத்து நாட்கள் விரைவில் நிரம்பிவிடும். குளிர்சாதனம், தொலைக்காட்சி, குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றைப் பெருங்குப்பையோடு போட முடியாது. 2001 முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி அவற்றுக்கு மறுசுழற்சிக் கட்டணம் செலுத்தி, உரிய கடையிலோ சேகரிப்பிடத்திலோ ஒப்படைக்க வேண்டும். அடுத்து வரும் ஆசிரியர் அதே வீட்டுக்கு வருவதானால் விட்டுச்செல்லலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இருவருக்கும் செலவு மிச்சம். மஞ்சள் எண்பலகை கொண்ட சிறிய கார் வைத்திருப்பவர்கள் அதன் பெயர்மாற்றத்தை மார்ச் 31க்குள் முடித்துவிட வேண்டும், ஏனெனில் ஏப்ரல் 1 அன்று யார் பெயரில் வண்டி இருக்கிறதோ அவரே அந்த ஆண்டு முழுவதற்குமான வரியைக் கட்ட வேண்டும். இப்போதைய விகிதத்தில் பெரும்பாலும் அது 10,800 யென், பதின்மூன்று ஆண்டு கடந்த வண்டிகளுக்குச் சற்றுக் கூடுதல்.

பள்ளியில் செய்ய வேண்டியவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஹிகிட்ஸுகி என்னும் பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு. நான் இந்நாட்டுக்கு வந்தபோது எனக்கு முன்னவர் விட்டுச்சென்றது ஒரு சாவிக்கொத்தும் மூன்று வரிகளும்தான். முதல் அரையாண்டை இருட்டில் தடவியபடி கழித்தேன். ஆகவே இம்முறை பன்னிரண்டு பக்கம் எழுதினேன். எந்த ஆசிரியர் பாடத்திட்டத்தை முந்தைய வாரமே எதிர்பார்ப்பார், எவர் வகுப்புக்குப் போகும் நடைகூடத்தில் பேசிக்கொண்டால் போதும் என்பார், ஐந்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்கு என்ன கணக்கு, மூன்றாம் வகுப்பில் எந்த விளையாட்டுக்குப் பிள்ளைகள் துள்ளுகிறார்கள், பனி கொட்டும் நாளில் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பனவற்றை எல்லாம் எழுதுங்கள். வாய் திறந்து பேசாத ஒரு பிள்ளை எனக்கு எப்போதும் சிறு வெள்ளைப் பலகையில் எழுதியே விடையளிப்பாள். அவளைக் கட்டாயப்படுத்தாமல் அந்தப் பலகையைக் கையில் கொடுக்க வேண்டும் என்பதைத் துணைத் தலைமையாசிரியரின் ஒப்புதலோடு முதல் பக்கத்திலேயே எழுதிவைத்தேன்.

விடைபெறும் சடங்கான ரினின்ஷிகி பெரும்பாலும் மார்ச் கடைசி வாரத்தில் நடக்கும். மாற்றலாகிச் செல்லும் ஆசிரியர்கள் எல்லோரும் உடற்பயிற்சிக் கூடத்து மேடையில் வரிசையாக நின்று ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசுவார்கள். கூடம் அப்போதும் குளிராகவே இருக்கும். உள்ளே ஒரு தடிப்பான சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பேச்சை ஜப்பானிய மொழியில் எழுதி, சக ஆசிரியரிடம் திருத்தி வாங்கி, மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். எல்லோருக்கும் பொதுவான நன்றியைவிட, அந்தப் பிள்ளைகளுக்கு மட்டுமே தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொல்வதே அவர்களைத் தொடுகிறது. மதிய உணவில் வந்த கடல்பாசிக் குழம்பை நான் முதன்முதலாக உண்டபோது ஒரு வகுப்பே தட்டை மறந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாளைச் சொன்னேன். அந்த வகுப்பு வரிசை மட்டும் சிரித்தது, பிறகு அழுதது. ஆசிரியர் அறைக்குத் தனித்தனியாகச் சுற்றப்பட்ட இனிப்பு ஒரு பெட்டி வாங்கி, ஒவ்வொரு மேசையிலும் ஒன்று வைக்க வேண்டும். அலுவலகப் பணியாளர், மதிய உணவு சமைப்பவர்கள், பள்ளிக் காவலர் ஆகியோரைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். பள்ளிக் கட்டடத்துக்குள் போடும் காலணியை மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள்; ஏப்ரல் முதல் நாளே அது வேண்டியிருக்கும்.

நகராட்சி அலுவலகத்தில் இரண்டு வேலைகள். ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன் தென்ஷுட்ஸு எனப்படும் வெளியேற்ற அறிவிப்பு; புதிய வீட்டுக்கு வந்த 14 நாட்களுக்குள் தென்ன்யூ எனப்படும் குடியேற்ற அறிவிப்பு. மை நம்பர் என்னும் தனிநபர் அடையாள எண் அட்டை வைத்திருப்பவர்கள் முதலாவதை 2023 பிப்ரவரி முதல் கைப்பேசியிலேயே செய்துவிடலாம். இரண்டாவதற்கு வசிப்பு அட்டையோடு நேரில் போக வேண்டும். புதிய முகவரியை அட்டையின் பின்புறத்தில் பதித்துத் தருவார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் காத்திருப்பு வரிசை நீண்டிருக்கும், ஆகவே திறக்கும்போதே போய்விடுங்கள்.

எரிவாயுவைத் திறந்துவிட ஆள் நேரில் வர வேண்டும், அப்போது நீங்களும் வீட்டில் இருக்க வேண்டும். மின்சாரமும் தண்ணீரும் அப்படியல்ல. முதல் முறை வீடு மாறியபோது நான் இதை அறியாமல் வெள்ளிக்கிழமை மாலை குடிபுகுந்து, திங்கட்கிழமை வரை பச்சைத் தண்ணீரில் குளித்தேன். நாள் குறித்ததுமே எரிவாயு நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்யுங்கள். அஞ்சலகத்தில் முகவரி மாற்றம் எழுதிக் கொடுத்தால் ஓராண்டுக்கு இலவசமாகக் கடிதங்களைப் புதிய வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள்.

தமிழர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நம்மில் பலருடைய கடவுச்சீட்டில் தந்தையின் பெயர்தான் குடும்பப் பெயருக்கான இடத்தில் இருக்கிறது. நீகாட்டாவில் நான்கு ஆண்டுகளும் என்னை என் அப்பாவின் பெயரோடு 'சென்செய்' சேர்த்தே அழைத்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனாலும் இம்முறை புதிய பள்ளி ஆசிரியர் பட்டியலை அச்சிடும் முன்பே, எப்பெயரால் அழைக்கப்பட விரும்புகிறேன் என்று எழுதித் தெரிவித்தேன். வங்கிக் கணக்கிலும் பள்ளிக்குக் கொடுக்கும் சம்பளப் படிவத்திலும், வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கதகனா எழுத்துகளில் பெயர் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒரு நெடில் கோடு வேறுபட்டாலும் பணம் திரும்பிப்போய்விடக் கூடும்.

பணக்கணக்கில் மூன்றை மட்டும் சொல்கிறேன். பழைய ஒப்பந்தம் மார்ச் 31க்கு முன்பே முடிந்து, புதியது ஏப்ரலில்தான் தொடங்குமானால், இடைப்பட்ட நாட்களுக்கு தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் நகராட்சியில் நீங்களே சேர வேண்டும். பழைய இடத்தில் தரும் வருமான வரிப் பிடித்தச் சீட்டைப் பத்திரப்படுத்திப் புதிய பள்ளியில் கொடுங்கள். ஆண்டிறுதி வரிக்கணக்கு அதில்லாமல் முடியாது. மூன்றாவது ஜூமின்ஸே என்னும் குடியிருப்பாளர் வரி. இது முந்தைய ஆண்டு வருமானத்தின் மேல், வரி விதிக்கப்படும் ஆண்டின் ஜனவரி 1 அன்று நீங்கள் குடியிருந்த ஊர் விதிப்பது. ஜூனில் தொடங்கி அடுத்த மே வரை செலுத்தப்படுவது. மார்ச்சில் வேலையை விட்டால் ஏப்ரல், மே மாதங்களுக்கான பாக்கியையும் கடைசிச் சம்பளத்திலிருந்து மொத்தமாகப் பிடிப்பார்கள் என்பதால், அச்சம்பளத்தை நம்பி வண்டிக் கூலிக்குத் திட்டமிடாதீர்கள். புதிய பள்ளி சம்பளத்தில் பிடிக்கும் ஏற்பாட்டை அதற்குள் செய்திராவிட்டால், ஜூனில் பழைய ஊரின் பெயர் பொறித்த உறை ஒன்று புதிய வீட்டுக்கு வரும். எனக்கும் இம்மாதம் வந்தது. தவறுதலாக அனுப்பிவிட்டார்கள் என்று எண்ணி ஒதுக்கிவைக்க வேண்டாம். உள்ளிருக்கும் சீட்டுகளை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கன்வீனியன்ஸ் கடையில் கட்டிவிடலாம்.